பதிவாளருக்கு ஆளைத் தெரியும்: ஒரு ஜெர்மன் சிற்றூரின் காப்பகத்தில் யூதர் வாழ்வு

கேள்வி இதுதான்: "ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். இன்று அங்கே யூதர் யாரும் இல்லை, பழைய கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. அந்த ஊரின் நகராட்சிக் காப்பகத்தில் அவர்களைப் பற்றி உண்மையில் என்ன கிடைக்கும்? கொல்லப்பட்டவர்களின் பட்டியலைத் தாண்டி, வாழ்ந்ததற்கான தடயம் ஏதாவது இருக்குமா?"

நிறையவே இருக்கும். ஆனால் முதலில் தேடத் தோன்றும் இடத்தில் இருக்காது.

காப்பகத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் பட்டியலில் 'யூதர்' என்ற தலைப்பைத் தேடுவார்கள். பெரும்பாலும் அப்படி ஒரு கட்டு இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுக் கட்டாக இருந்தால் கொஞ்சம் மரியாதையாக 'இஸ்ரவேலர்' என்று எழுதியிருக்கும். பிரித்துப் பார்த்தால், அவர்களால் தனக்கு என்னென்ன தலைவலி என்று ஊர் நிர்வாகம் நினைத்ததோ அதுதான் உள்ளே இருக்கும்: யாரைக் குடியேற விடலாம், யார் வரி பாக்கி, ஞாயிற்றுக்கிழமை யார் வியாபாரம் செய்தார், அவர் மேல் யார் புகார் கொடுத்தார். ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போலீஸ் ஸ்டேஷன் கோப்புகளை மட்டும் படிப்பது மாதிரி. அதனால் 'யூதர்' என்று எழுதிய கட்டைக் கடைசியில் திறவுங்கள் என்பேன். வாழ்க்கை கிடப்பது அலுப்பூட்டும் கட்டுகளில்: வீட்டு வரைபடம், தீக்காப்பீட்டுப் பதிவேடு, பள்ளி மாணவர் பட்டியல், தொழில் உரிமப் புத்தகம், தீயணைப்புப் படையின் ஆள் பட்டியல், குடிநீர்க் குழாய் போட்ட கணக்கு.

யூதச் சமூகம் தானே எழுதி வைத்த ஏடுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். 1905-இல் பெர்லினில் ஜெர்மன் யூதர்களுக்கென்று ஒரு பொதுக் காப்பகம் தொடங்கி, ஊர் ஊராகப் பழைய ஏடுகளைச் சேர்த்தார்கள். அதில் தப்பியவற்றில் ஒரு பகுதி இப்போது ஜெருசலேமில் இருக்கிறது. ஊர்களிலேயே தங்கிவிட்ட ஏடுகளின் கதி வேறு. 1938 நவம்பர் 10 அதிகாலையில், நாடெங்கும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிந்துகொண்டிருந்தபோது, நாஜிப் பாதுகாப்புக் காவல் தலைவர் ஹைட்ரிஷ் எல்லாக் காவல் அலுவலகங்களுக்கும் அனுப்பிய தந்தியில் ஒரு வரி உண்டு: ஜெப ஆலயங்களிலும் சமூக அலுவலகங்களிலும் உள்ள ஆவணங்களைக் கைப்பற்ற வேண்டும், அழிய விடக்கூடாது. கட்டடம் எரிந்தாலும் காகிதம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. யாருடைய பாட்டனார் யார் என்று சொல்லும் காகிதம் அல்லவா! அப்படிப் போன பிறப்பு, திருமணம், இறப்பு ஏடுகளைப் போரின் கடைசிக் கட்டத்தில் மைக்ரோஃபிலிமில் படம் எடுத்தார்கள். அசல்களில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. படச்சுருள்கள் மிஞ்சின. வம்சத்தை வேரோடு பிடுங்க எடுத்த படத்தை வைத்துத்தான் இன்று பேரப்பிள்ளைகள் வம்சத்தைத் தேடுகிறார்கள். தென்மேற்கு ஜெர்மனியின் பாடன், வுர்ட்டெம்பெர்க் பகுதிகளின் படங்கள் ஸ்டுட்கார்ட் மாநிலக் காப்பகத்தில் 'ஜே 386' என்ற எண்ணில், இணையத்திலேயே பார்க்கும்படி இருக்கின்றன.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஓர் ஊரைப் பிடித்துக்கொள்வோம். லவுப்ஹைம். தென்மேற்கு ஜெர்மனியில், உல்ம் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. 1724-இல் அந்த ஊர்ப் பிரபுக்கள் நான்கு யூதக் குடும்பங்களுக்கு இடம் கொடுத்தார்கள். 1869-இல் யூதர் எண்ணிக்கை 843. வுர்ட்டெம்பெர்க் அரசில் அப்போதிருந்த மிகப் பெரிய யூதச் சமூகங்களுள் அது ஒன்று. அதே 1869-இல்தான் லவுப்ஹைமுக்கு நகரம் என்ற அந்தஸ்தே கிடைத்தது. அதாவது ஊர் நகரமானபோது யூதர்கள் அங்கே வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 'நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள்' என்று பிற்பாடு பேசியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

உருண்டை பூமி சுழலும் சின்னத்தோடு படம் தொடங்குமே, அந்த யுனிவர்சல் நிறுவனத்தை உருவாக்கிய கார்ல் லெம்லே இந்த ஊர்க்காரர். 1867 ஜனவரி 17-இல் பிறந்து, 17 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப் பூவை உலகம் முழுக்க விற்கும் ஸ்டைனர் நிறுவனம் 1845-இல் இங்கேதான் தொடங்கியது. உயரம் தாண்டும் வீராங்கனை கிரேட்டல் பெர்க்மன் 1914-இல் இங்கே பிறந்தார். அவரிடம் பிறகு வருவோம்.

இந்த மாதிரி ஊரில் மிகப் பழைய காகிதம் 'பாதுகாப்புப் பத்திரம்' என்பது. ஜெர்மன் மொழியில் ஷுட்ஸ்பிரீஃப். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், இது ஒரு குத்தகை ஒப்பந்தம். யூதர் ஓர் ஊரில் வசிக்க அந்த மண்ணின் பிரபு அனுமதி தர வேண்டும். அனுமதிக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் மறுபடி பேரம். என்ன தொழில் செய்யலாம், எந்த நாளில் கடை மூட வேண்டும், இறந்தவரைப் புதைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று வரிசையாக இருக்கும். படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது கீழே இருக்கும் கையெழுத்தை. மேலே முழுக்க ஜெர்மன், அடியில் சில சமயம் எபிரேய எழுத்தில் ஒரு பெயர். ஊர் எழுத்தருக்கு அது புரியாததால் பக்கத்தில் ஜெர்மனில் திருப்பி எழுதி வைத்திருப்பார். தான் சொல்லாத வார்த்தைகளுக்கு ஒரு மனிதர் தன் எழுத்தில் போட்ட கையெழுத்து. பக்கம் முழுவதிலும் அவருடையது என்று இருப்பது அவ்வளவுதான்.

அப்புறம் பெயர்ச் சிக்கல். பழைய பதிவுகளில் குடும்பப் பெயர் கிடையாது. இசாக் லோப் என்றால் லோப் மகன் இசாக். அவர் மகன் லோப் இசாக். தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும், ஐரோப்பிய ஆய்வாளர்கள்தான் திணறுவார்கள். 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ஜெர்மனியில் அப்போதிருந்த ஒவ்வோர் அரசும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் எடுக்க வேண்டும் என்று ஆணை போட்டது. பாடனில் 1809, பிரஷ்யாவில் 1812, பவேரியாவில் 1813, வுர்ட்டெம்பெர்க்கில் 1828. ஆகவே உங்கள் ஆள் எந்த அரசின் குடி என்பதைப் பொறுத்து, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அவர் பழைய பெயரோடு காணாமல் போய்ப் புதுப் பெயரில் முளைப்பார். அந்த ஆண்டின் பெயர் மாற்றப் பட்டியல் கிடைக்காவிட்டால் பாதை அங்கேயே அறுந்துபோகும்.

இனி வரும் கட்டுதான் எனக்கு மிகப் பிடித்தது. இது வுர்ட்டெம்பெர்க்குக்கே உரியது. 'இன்வென்டூர் உண்ட் டைலுங்' என்பார்கள், சொத்துப் பட்டியலும் பாகப்பிரிவினையும். ஒருவருக்குக் கல்யாணம் ஆனாலும் சரி, இறந்தாலும் சரி, அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சாமான் செட்டு அத்தனையையும் ஒன்று விடாமல் எழுதுவார்கள். 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம் 1899 வரை நடந்தது. லவுப்ஹைம் 1806-இல் வுர்ட்டெம்பெர்க்கோடு சேர்ந்ததால் அதற்குப் பிந்தைய காலத்துக்கு இந்த வகை ஆவணம் பொருந்தும். வரிசை எப்போதும் ஒன்றுதான்: வீடு, நிலம், கால்நடை, ரொக்கம், நகை, புத்தகம், ஆண் உடை, பெண் உடை, படுக்கை, துணி, பித்தளை, தகரம், செம்பு, இரும்பு, மரச் சாமான், கடைசியில் வரவேண்டிய கடனும் தரவேண்டிய கடனும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மதிப்பு, அக்கால நாணயங்களான குல்டனும் குரோய்ட்சருமாக.

இப்படி ஒரு பட்டியலைப் படிப்பது ஒரு வீட்டுக்குள் நடந்து போவது மாதிரி. மெத்தை எத்தனை என்று பார்த்தால் எத்தனை பேர் படுத்தார்கள் என்று தெரியும். பித்தளை வரிசையில் மேலிருந்து தொங்கும் சப்பாத் விளக்கு வந்தால், யூதரின் வார ஓய்வுநாளான சப்பாத் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பாத்திரங்கள் இரண்டு செட்டாக வந்தால், யூத மத விதிப்படி பாலுக்கும் கறிக்கும் தனித்தனிச் சமையல். ஆனால் எழுதியவருக்கு அந்த விவரம் தெரியாது. அவருக்கு அது 'செம்புப் பானை, இரண்டு, பழையது'. எபிரேய நூல்களின் பெயர்களைப் படிக்கத் தெரியாததால் 'பலவகை யூதப் புத்தகங்கள்' என்று மொத்தமாக ஒரு விலை போட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த இடத்தில் எனக்கு வயிறெரியும். கிறிஸ்தவ வீட்டு வேதப் புத்தகத்துக்குத் தனி வரி கொடுத்த அதே எழுத்தர், இங்கே ஓர் அலமாரியையே ஒரு வரியில் முடித்திருப்பார்.

கடைசியில் வரும் கடன் பகுதியையும் அடமானப் பதிவேட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். யூதர் என்றாலே வட்டிக்குக் கொடுப்பவர் என்ற பிம்பத்தோடு போனால், கொடுத்தவர்களும் இருப்பார்கள், மாட்டு வியாபாரத்தில் தவணை பாக்கி வரவேண்டியவர்களும் இருப்பார்கள், தாங்களே வாங்கி முழிப்பவர்களும் இருப்பார்கள். ஒரு பதிவை மட்டும் பிடுங்கி எடுத்துக் கதை கட்டினால் என்ன வேண்டுமானாலும் கட்டலாம்.

தீக்காப்பீட்டுப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு எண், சுவர் கல்லா மரமா, மதிப்பு, உரிமையாளர் என்று வறட்டுத்தனமாக இருக்கும். ஆனால் 'அரை வீடு', 'கால் வீடு' என்று உரிமை பிரிந்திருப்பதை அங்கேதான் பார்க்கலாம். மாடி ஒருவருக்கு, கீழ்த்தளம் இன்னொருவருக்கு. வரைபடத்தோடு சேர்த்து வைத்து வீட்டு எண்களைத் தொடர்ந்து போனால், யார் சுவரோடு சுவர் ஒட்டி யார் வாழ்ந்தார்கள் என்ற படம் தெருத் தெருவாக எழும்பி வரும். ஊர் முழுக்க இப்படிச் செய்ய ஒரு வருடம் ஆகும். செய்தவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள்.

கட்டட அனுமதிக் கட்டில் ஜெப ஆலயம் தனியாக வரும். லவுப்ஹைமில் 1822-இல் கட்டியது போதாமல் 1830-களில் புதிதாகக் கட்டினார்கள், 1877-இல் அதை மாற்றிப் பெரிதாக்கினார்கள். தெருவைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் கட்டடம். வுர்ட்டெம்பெர்க்கில் சம உரிமைச் சட்டம் 1864-இல் வந்தது என்பதை இந்த ஆண்டுகளோடு சேர்த்துப் பாருங்கள், அந்த வரைபடம் வேறு மாதிரித் தெரியும்.

சரி, பிறப்புப் பதிவேட்டுக்கு வருவோம். நீங்கள் கேட்ட கேள்வியின் நடுமையம் அங்கேதான்.

1876 ஜனவரி 1 முதல் ஜெர்மனி முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவது அரசின் வேலையானது. அதற்கு முன் அது மதவாரி ஏடுகளில். அதனால்தான் 1867-இல் பிறந்த கார்ல் லெம்லேயை ஊர்ப் பதிவு அலுவலகப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை, யூதச் சமூகத்தின் ஏட்டில்தான் தேட வேண்டும். 1914-இல் பிறந்த கிரேட்டல் பெர்க்மன் தலைமுறை ஊர்ப் புத்தகத்துக்குள் இருக்கும். மதம் பார்க்காமல், பிறந்த செய்தி வந்த வரிசையில் எண் போட்டுக்கொண்டே போகும் ஒரே புத்தகம். அச்சடித்த படிவம் இப்படித் தொடங்கும்: 'கீழே கையொப்பமிட்டுள்ள பதிவாளர் முன் இன்று வந்தவர், ஆளைத் தெரிந்தவர்...' அதன் பின் தந்தையின் தொழில், பெயர், இருப்பிடம், மதம். இந்த 'ஆளைத் தெரிந்தவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அடையாளத்துக்கு என்ன ஆதாரம் என்று எழுத வேண்டிய இடம் அது. பெருநகரத்தில் ஏதாவது ஆவணத்தைக் காட்ட வேண்டியிருக்கும். சிற்றூரில் மாட்டு வியாபாரி வாசலில் நுழைந்ததுமே பதிவாளருக்கு அவரைத் தெரியும். பதிவுக்குப் பதிவு அதே சொல்.

இப்போது அதே தாளின் வலது ஓரம். அங்கே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள், பின்னால் வரும் திருத்தத்துக்காக. 1938 ஆகஸ்ட் 17 தேதியிட்ட ஆணை ஒன்று, யூதர் என்று உடனே காட்டிக்கொடுக்காத பெயருள்ள யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. 1939 ஜனவரி 1 முதல் அமல். இதில் கசப்பான விஷயம், அவரவரே ஒரு மாதத்துக்குள் பதிவு அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது. பதிவாளர் அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்து ஓரத்தில் எழுதுவார்: 'இதில் குறிப்பிட்டவர் இன்ன ஆணையின்படி சாரா என்ற கூடுதல் பெயரை ஏற்றுக்கொண்டுள்ளார்.' ஏற்றுக்கொண்டாராம்! தேதி, கையொப்பம். போருக்குப் பிறகு நேச நாடுகள் அந்தச் சட்டத்தை ரத்து செய்தன. ஓரத்தில் இன்னொரு குறிப்பு வந்தது: 'மேலே உள்ள குறிப்பு நீக்கப்படுகிறது.' நீக்கப்படுகிறது என்று எழுதினார்களே தவிர அழிக்கவில்லை, பதிவேட்டில் எதையும் அழிக்க முடியாது. அதனால் ஒரே தாளில் மூன்று காலம்: நடுவில் 1890-களின் அழகான சாய்ந்த கையெழுத்து, ஓரத்தில் 1939-இன் அவசரக் கையெழுத்து அல்லது ரப்பர் முத்திரை, அதற்குக் கீழே நேச நாடுகளின் ஆட்சிக் காலத்து மை.

கையெழுத்து என்றதும் ஒன்று. பழைய ஜெர்மன் கையெழுத்தான குரென்ட் இன்றைய ஜெர்மானியருக்கே புரியாது, தனியாகப் பயில வேண்டும். 1941 ஜனவரி 3-இல் வந்த நாஜிக் கட்சிச் சுற்றறிக்கை ஒன்று பழைய கோதிக் அச்செழுத்தை 'யூத எழுத்து' என்று சொல்லிக் கைவிடச் சொன்னது. அதுவரை அதையே ஜெர்மானியப் பெருமை என்று கொண்டாடியவர்கள்தான் அவர்கள். அதே ஆண்டில் பள்ளிகளில் பழைய கையெழுத்தும் நின்றது. அதற்குள் அலுவலகங்களில் தட்டச்சு வேறு பரவிவிட்டது. ஆகவே காப்பகத்தில் உட்கார்ந்தால் ஒரு விபரீதம் நடக்கும்: கல்யாணமும் கடையும் பள்ளிக்கூடமும் இருக்கும் தாள்களோடு எழுத்துக் கூட்டி மல்லுக்கட்ட வேண்டும், 1941, 1942 தாள்களைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் படித்துவிடலாம். பல பேர் அதனாலேயே கடைசி பத்து ஆண்டுகளை மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் கடைசி ஆண்டுகளில் நகராட்சி என்ன செய்தது? 'மேலிடத்து உத்தரவு' என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். காகிதத்தைப் பார்த்தால், மேலிடம் கேட்டதைத் தயாரித்துக் கொடுத்தது கீழிடம்தான். நாட்டை விட்டுப் போக விரும்பும் யூதருக்கு, உள்ளூரில் வரி பாக்கி இல்லை என்ற சான்று தேவை. அதை நகராட்சி தர வேண்டும். எடுத்துப் போகும் பொருள்களின் பட்டியல் வேண்டும், அதுவும் மூன்று பிரிவாக: நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-க்கு முன் வாங்கியது, அதற்குப் பின் வாங்கியது, பயணத்துக்கென்றே வாங்கியது. கைக்குட்டை எத்தனை, ஸ்பூன் எத்தனை, குழந்தையின் சறுக்குப் பலகை ஒன்று என்ற அளவுக்கு. முன்பு சொன்ன பாகப்பிரிவினைப் பட்டியலும் இதே வேலையைத்தான் செய்தது. அங்கே சொத்தை வாரிசுக்குக் கொடுப்பதற்காகக் கணக்கெடுத்தார்கள்.

1939 பிப்ரவரி 21 ஆணையில் இன்னும் நுணுக்கம். தங்கம், வெள்ளி, ரத்தினக் கற்கள் எல்லாவற்றையும் பெருநகரங்களின் நகராட்சி அடகுக்கடைகளில் ஒப்படைக்க வேண்டும். விதிவிலக்கு: தன் கல்யாண மோதிரம், இறந்த துணையின் மோதிரம், வெள்ளிக் கைக்கடிகாரம், பிறகு பயன்பாட்டில் உள்ள சாப்பாட்டு வெள்ளிக் கரண்டி செட், ஆளுக்கு இரண்டு. யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்து ஆளுக்கு எத்தனை கரண்டி என்று யோசித்திருக்கிறார். அடகுக்கடை ரசீது கிடைத்தால் தூக்கிப் பாருங்கள், எடைக்குத்தான் விலை போட்டிருக்கும். மூன்று தலைமுறை வெள்ளிக்கிழமை மேஜையில் இருந்த மெழுகுவர்த்தித் தண்டு இத்தனை கிராம் என்று.

லவுப்ஹைமில் ஜெப ஆலயம் 1938 நவம்பர் 10 அதிகாலையில் எரிந்தது. யூத ஆண்களைப் பிடித்து டாக்கவ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். சேதத்தை யூதர்களே தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும், காப்பீட்டுத் தொகை அரசுக்கு, அதற்கு மேல் 100 கோடி ரைஷ்மார்க் அபராதம் என்று இரண்டே நாளில் பெர்லினில் முடிவாயிற்று. இடிபாட்டை அகற்றிய செலவுக்கு யாரிடம் பில் போட்டார்கள், மனை யார் பெயருக்குப் போனது என்பதை நகராட்சிக் கணக்குக் கட்டிலும் நிலப் பதிவேட்டிலும் தேடலாம். ஒவ்வோர் ஊரிலும் இந்த பில்லைத் தேடுங்கள் என்பேன். சொற்பொழிவுகளை விட அந்த ஒற்றைத் தாள் அதிகம் பேசும்.

லவுப்ஹைமிலிருந்து முதல் நாடுகடத்தல் 1941 நவம்பர் 28-இல். ஸ்டுட்கார்ட்டில் திரட்டி டிசம்பர் 1-இல் ரயிலில் லாட்வியாவின் ரீகாவுக்கு. கடைசி 1942 ஆகஸ்ட் 19-இல், செக் நாட்டுப் பகுதியிலிருந்த தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு, பெரும்பாலும் முதியவர்கள். ஊர்க் குடியிருப்போர் அட்டையில் இவை எப்படி இருக்கும்? அட்டையில் பெயர், பிறந்த தேதி, மதம், வந்த தேதி, முகவரி மாறிய தேதிகள் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம் 'எங்கே சென்றார்'. பல ஊர்களின் அட்டைகளில் அதில் 'வெளியேறினார்', 'கிழக்கே அனுப்பப்பட்டார்', 'இடம் தெரியவில்லை' என்று இருக்கும். வேலை மாறி மூனிக் போனவருக்கு இருக்கும் அதே கட்டம், அதே மை. அந்தச் சொற்களை அப்படியே நம்பி உங்கள் கட்டுரையில் 'குடிபெயர்ந்தார்' என்று எழுதிவிடாதீர்கள். அட்டையில் இருக்கும் தேதியை நாடுகடத்தல் ரயில்களின் தேதியோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். பலியான யூதர்களின் பெயர்கள் கொண்ட ஜெர்மன் கூட்டரசுக் காப்பகத்தின் நினைவு ஏடு இணையத்தில் இருக்கிறது, பெயர் போட்டால் வரும்.

மிச்சம் இருந்த மேஜை, நாற்காலி? எல்லை தாண்டிய நொடியில் அவர்கள் சொத்து அரசுடைமை என்று 1941 நவம்பர் 25-இல் ஆணை வந்திருந்தது. பல ஊர்களில் நிதி அலுவலகம் ஏலம் போட்டது. வாங்கியவர் பெயர், பொருள், விலை என்று பட்டியல் இருக்கும். கெடுபிடியான மௌனம் நிலவுவது இந்தப் பட்டியல்களைச் சுற்றித்தான். அந்தப் பெயர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள். போர் முடியும் தறுவாயில் இப்படிப்பட்ட கோப்புகளை எரிக்கச் சொல்லி உத்தரவும் வந்தது, நிறைய இடங்களில் எரித்தார்கள். ஒரு தொடரில் நடுவே மூன்று எண்கள் மட்டும் காணோம் என்றால் எலி கடித்தது என்று நினைக்க வேண்டாம்.

கிரேட்டல் பெர்க்மன் விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். 1933-இல் அவரை விளையாட்டுக் கழகம் நீக்கியது. இங்கிலாந்துக்குப் போய் 1934-இல் அந்நாட்டுச் சாம்பியன் ஆனார். பெர்லின் ஒலிம்பிக்ஸில் யூதரும் இடம்பெறுகிறார்கள் என்று அமெரிக்கர்களுக்குக் காட்ட அவரைத் திரும்ப வரவழைத்தார்கள். 1936 ஜூனில் ஸ்டுட்கார்ட்டில் 1.60 மீட்டர் தாண்டினார், அது ஜெர்மன் சாதனைக்குச் சமம். அமெரிக்கக் குழு கப்பலேறிய மறுநாள் ஜூலை 16 தேதியிட்டு அவருக்குக் கடிதம் அனுப்பினார்கள்: உங்கள் தரம் போதாது. 1937-இல் அமெரிக்கா போய்விட்டார். ஜெர்மன் தடகளச் சங்கம் அவர் சாதனையைத் திரும்ப அங்கீகரித்தது 2009-இல். லவுப்ஹைம் விளையாட்டு மைதானத்துக்கு, யூதர் என்று அவரை உள்ளே விடாத அதே மைதானத்துக்கு, 1999-இல் அவர் பெயரை வைத்தார்கள். ஜெர்மன் மண்ணை மிதிப்பதில்லை என்றிருந்தவர் அதற்கு வந்தார். 2017-இல் 103 வயதில் இறந்தார். ஒரு சிற்றூர்க் காப்பகத்தில் இவர் மாதிரி பெயர் பெற்றவருக்குத் தனிக் கோப்பு இருக்கும், பத்திரிகைத் துணுக்கு இருக்கும். அவரோடு அதே வகுப்பில் படித்த பெண்ணுக்குப் பள்ளி மாணவர் பட்டியலில் ஒரு வரி மட்டும் இருக்கும். நீங்கள் தேடப்போவது பெரும்பாலும் அந்த ஒரு வரியைத்தான்.

லெம்லே 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு அமெரிக்கா வர ஜாமீன் பத்திரம் கொடுத்தார், பலர் அவர் பிறந்த ஊரையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து அமெரிக்க அரசின் காப்பகத்தில். இதைச் சொல்லக் காரணம், ஊர்க் காப்பகத்தோடு வேலை முடியாது. அட்டையில் '1938, நியூயார்க்' என்று இருந்தால் நூல் அங்கே அறுந்து அந்தப் பக்கம் தொடர்கிறது. போருக்குப் பிந்தைய இழப்பீட்டு விண்ணப்பங்களும் அப்படித்தான், லவுப்ஹைம் பகுதிக்கு அவை ஸிக்மாரிங்கன் மாநிலக் காப்பகத்தில். நான் படித்ததிலேயே விரிவான வீட்டு வர்ணனைகள் இழப்பீட்டுக் கோப்புகளில்தான். அமெரிக்காவிலோ அர்ஜென்டினாவிலோ உட்கார்ந்து ஒருவர் தன் வீட்டின் சாப்பாட்டு அறையை நினைவிலிருந்து, திரைச்சீலை நிறம் உட்பட, வக்கீலுக்கு எழுதியிருப்பார். பதில் கடிதத்தில் 'ரசீது இணைக்கப்படவில்லை' என்று இருக்கும்.

ஊர்க் கட்டுகளில் இன்னொரு சுவையான அடுக்கு 1960-கள். 1962-இல் ஸ்டுட்கார்ட் காப்பக இயக்ககம் பாடன்-வுர்ட்டெம்பெர்க் யூதர்களுக்கு நேர்ந்தது என்ன என்று ஆவணப்படுத்தத் தனிப் பிரிவு தொடங்கி, ஊராட்சிகளுக்கு வினாத்தாள் அனுப்பியது. உங்கள் ஊரின் பதில் எப்படி இருந்தது என்று பாருங்கள். சில அலுவலகங்கள் பக்கம் பக்கமாக எழுதின, சில இரண்டு வரியில் முடித்தன. நடந்ததைப் பற்றியும் தெரியும், இருபது ஆண்டு கழித்து ஊர் எதை நினைவில் வைக்க விரும்பியது என்பதும் தெரியும்.

எப்படிக் கேட்பது? சிறு ஊர்க் காப்பகத்தில் பல சமயம் ஒரே ஒருவர், அதுவும் பகுதி நேரம். மின்னஞ்சலில் 'யூதர்களைப் பற்றி என்ன இருக்கிறது' என்று கேட்டால் இரண்டு வரிப் பதில்தான் வரும். பெயர், பிறந்த தேதி, தெரிந்தால் வீட்டு முகவரி, எழுத்துக்கூட்டலின் வேறு வடிவங்கள் இவற்றோடு, எந்த வகை ஆவணம் வேண்டும் என்றும் சொல்லுங்கள்: குடியிருப்போர் அட்டை, தொழில் பதிவேடு, வீட்டுக் கோப்பு. பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 கழித்துத்தான் காப்பகத்துக்கு வரும், அதற்கு முன் பதிவு அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும். 1914-இல் பிறந்தவர்கள் இப்போதுதான் பொதுப் பார்வைக்கு வருகிறார்கள். தனி ஆளைப் பற்றிய கோப்புகளுக்கு மாநிலச் சட்டப்படி வேறு கெடுவும் உண்டு, பொதுவாக இறந்து 10 ஆண்டு.

இன்னொன்று. பிறப்புப் பதிவின் நகல் கேட்கும்போது முன்னும் பின்னும் உள்ள தாள்களையும் சேர்த்துக் கேளுங்கள், கெடு தாண்டியிருந்தால் மறுக்க மாட்டார்கள். 41-ஆம் எண் செருப்புத் தைப்பவர் மகன், 42 மாட்டு வியாபாரி மகள், 43 பண்ணையாள் மகன் என்று ஒரே கையெழுத்தில் வரும். மூன்றிலும் அந்தச் சொல் இருக்கும், ஆளைத் தெரிந்தவர் என்று. 42-இன் ஓரத்தில் மட்டும் இரண்டு குறிப்புகள்.